பகுதிநேர ஃபெலோஷிப்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் பெண்களுக்குப் போகும் நன்கொடையை எப்படி அளப்பது?

சனத்குமாரநதி (கேள்வி)

வணக்கம். பெண்கள், சிறுமிகளுக்காகக் கொடுக்கப்படும் நன்கொடை குறித்த ஆய்வு ஃபெலோஷிப் ஒன்றுக்கு முன்மொழிவு எழுதிக்கொண்டிருக்கிறேன். 12 மாதம், வாரம் 15 மணி நேரம். களமாகத் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டையும் எடுத்திருக்கிறேன். முன்மாதிரியாக மனத்தில் இருப்பது அமெரிக்க இண்டியானா பல்கலைக்கழகத்தின் மகளிர் அறக்கொடை ஆய்வு நிறுவனம் 2019 முதல் வெளியிடும் குறியீடு. அந்த நாட்டின் மொத்த நன்கொடையில் 2 சதவீதத்துக்கும் குறைவாகவே பெண்களுக்கான அமைப்புகளுக்குப் போகிறது என்று அது காட்டியது.

அதே மாதிரி இங்கே ஒரு சதவீதம் சொல்ல முடியுமா? எந்த அமைப்பை "பெண்களுக்கானது" என்று எடுப்பது? கணக்கு விவரம் எங்கே கிடைக்கும்? 15 மணி நேரத்துக்குள் இது அடங்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தொப்பூர்கணவாய்

முதலில் சதவீத ஆசையை விட்டுவிடுங்கள். சதவீதத்துக்குக் கீழே ஒரு மொத்தம் வேண்டும். "இரண்டு மாவட்டத்திலும் ஓர் ஆண்டில் கொடுக்கப்பட்ட மொத்த நன்கொடை" என்ற எண் யாரிடமும் இல்லை. அமெரிக்காவில் அந்தக் குறியீடு சாத்தியமானதற்குக் காரணம் படிவம் 990. வரிவிலக்குப் பெற்ற அமைப்புகள் வரித்துறைக்குத் தரும் ஆண்டுக் கணக்கு அது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதிலும் ஓட்டை உண்டு: ஆண்டு வரவு 50,000 டாலருக்குள் இருக்கும் சிறிய அமைப்புகள் அஞ்சலட்டை அளவில் ஒரு சிறு மின்படிவம் போட்டால் போதும், அதில் பணக் கணக்கே இருக்காது. தேவாலயங்கள் அதுகூடத் தர வேண்டியதில்லை. நம் பக்கம் பெண்களோடு வேலை செய்யும் அமைப்புகளில் பெரும்பாலானவை அந்தச் சிறிய அளவுதான். ஆகவே அந்த முறையை அப்படியே இறக்கினால் முக்கியமானவைதான் வலையில் சிக்காமல் போகும்.

உங்கள் கேள்வியை இப்படிச் சுருக்குங்கள்: "பெண்களுக்கென்றே இயங்கும் இத்தனை அமைப்புகளுக்கு, இந்த மூன்று நிதியாண்டுகளில், யாரிடமிருந்து எவ்வளவு வந்தது, அதில் நன்கொடை எவ்வளவு?" இதற்கு விடை கிடைக்கும்.

அமைப்புகளைப் பட்டியலிட, தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்துகொள்ளும் மத்திய அரசின் என்ஜிஓ தர்பன் தளத்தில் மாவட்ட வாரியாகத் தேடலாம். ஆனால் அங்கே "முக்கியத் துறைகள்" என்ற கட்டத்தை அமைப்பே நிரப்புகிறது. பெண்கள் மேம்பாடு, குழந்தைகள், விவசாயம், குடிநீர் என்று பத்து பதினைந்தை ஒரே அடியில் டிக் செய்திருப்பார்கள். அதை வகைப்பாடாக எடுத்தால் மாவட்டத்தில் உள்ள எல்லா அமைப்பும் பெண்கள் அமைப்பாகிவிடும்.

பெயரை வைத்துத் தேடுவதும் ஏமாற்றும். "அன்னை", "மாதா", "சக்தி", "லட்சுமி" என்று தொடங்குபவற்றில் பல, தாயார் பெயரிலோ சாமி பெயரிலோ வைத்த பொது அறக்கட்டளைகள். மறுபக்கம், "ஊரக வளர்ச்சிச் சங்கம்" என்ற பெயருக்குள் முழுக்க முழுக்க வளரிளம் பெண்கள் வேலை நடக்கும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கு, கன்னடப் பெயர்களும் வரும். "மகிளா", "ஸ்த்ரீ" இரண்டையும் தேடுசொல்லில் சேருங்கள். பெங்களூரில் பதிவாகி ஓசூரில் வேலை செய்யும் சங்கங்கள் கர்நாடகச் சட்டத்தின் கீழ் இருப்பதால் தமிழ்நாட்டுப் பட்டியலில் தென்படாது.

இன்னொரு உள்ளூர்ச் சிக்கல். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9 அன்று. அதற்கு முன் பதிவான ஊத்தங்கரை, பர்கூர் அமைப்புகளின் பத்திரத்தில் இன்னமும் தருமபுரி மாவட்டம் என்றே இருக்கும். மாவட்டப் பெயரை நம்பாமல் வட்டத்தை வைத்துப் பிரியுங்கள். அஞ்சல் குறியீடும் உதவாது: 635 என்று வடிகட்டினால் திருப்பத்தூரும் வாணியம்பாடியும் கூடவே வந்து உட்காரும்.

கணக்குப்பிள்ளை

கணக்கு எங்கே கிடைக்கும் என்பதற்கு மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் ஆய்வுகள் கவிழ்வது இங்கேதான்.

பதிவு மூன்று விதம். அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகியிருக்கும், அதோடு சரி. ஆண்டுக் கணக்கை அங்கே கொடுக்கும் வழக்கமே இல்லை. அசையாச் சொத்து சேராத பத்திரம் 4ஆம் புத்தகத்தில் ஏறும், அதன் நகலைச் சம்பந்தப்பட்டவர்களைத் தவிர மற்றவர்களுக்குத் தர மாட்டார்கள். அலையாமல் நேரே அறக்கட்டளையிடமே கேளுங்கள். சங்கம் என்றால் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் ஆண்டுதோறும் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். அது கோப்பில் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மனு போடலாம், பக்கத்துக்கு 2 ரூபாய், 30 நாள். "எல்லாச் சங்கங்களின் கணக்கும்" என்று கேட்டால் திரும்பி வரும். சங்கத்தின் பெயர், பதிவு எண், நிதியாண்டு மூன்றையும் எழுதி, ஒரு மனுவில் ஐந்தாறுக்கு மேல் போகாதீர்கள். மூன்றாவது, கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் வரும் லாபநோக்கற்ற நிறுவனம். கட்டணம் கட்டினால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்திலேயே எடுத்துவிடலாம்.

வெளிநாட்டுப் பணம்: எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுள்ளவர்கள் எஃப்சி-4 என்ற ஆண்டறிக்கையை நிதியாண்டு முடிந்து 9 மாதத்துக்குள், அதாவது டிசம்பர் 31க்குள், கொடுக்க வேண்டும். மத்திய உள்துறை அமைச்சகத்தின் தளத்தில் அவற்றை முன்பு எல்லோரும் பார்க்க முடிந்தது. 2022 ஜூலையில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது அந்தந்த அமைப்பின் இணையதளத்தில் தேட வேண்டும். கிடைத்தாலும் அதில் நோக்கம் என்று ஐந்தே தலைப்பு: சமூகம், கல்வி, பொருளாதாரம், பண்பாடு, சமயம். "பெண்கள்" என்று தனியாக ஒன்று கிடையாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நன்கொடையை ஓர் அமைப்பு இன்னொன்றுக்குக் கைமாற்றக் கூடாது என்பதால், 2019-20 வரை பெரிய அமைப்பு வழியாக வந்த பணம் பிறகு சிறியவற்றின் கணக்கில் சட்டென்று நின்றிருக்கும். அந்தச் சரிவைப் பார்த்து "கொடுக்கும் மனம் குறைந்துவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள்.

உள்நாட்டுப் பணம்: 80ஜி சலுகை (கொடுப்பவருக்கு வருமான வரிக் கழிவு) உள்ள அமைப்புகள் 2021-22 முதல் நன்கொடையாளர் பட்டியலை படிவம் 10பிடியில் மே 31க்குள் தாக்கல் செய்தாக வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய். இந்தப் பயத்தாலேயே அந்த ஆண்டிலிருந்து பட்டியல் ஒழுங்காக இருக்கிறது. அதனால் உங்கள் அடிப்படை ஆண்டாக 2021-22ஐ வையுங்கள். அதற்கு முன்னால் போனால் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையைப் புரட்ட வேண்டியிருக்கும். 10பிடி பொதுவெளியில் கிடைக்காது, அமைப்பு மனது வைத்தால்தான். கேட்கும்போது பெயர், பான், ஆதார், முகவரி நான்கு பத்திகளையும் அவர்களையே நீக்கிவிட்டுத் தரச் சொல்லுங்கள். தொகை, நன்கொடை வகை, கொடுத்த முறை மூன்றும் உங்களுக்குப் போதும். உண்டியல் காசும் அடையாளம் சொல்லாமல் கொடுத்ததும் அதில் இருக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

இனி முக்கியமான பொறி. தணிக்கை அறிக்கையில் "வரவு-செலவுக் கணக்கு" வேறு, "பெறுதல்-செலுத்தல் கணக்கு" வேறு. உண்மையில் வந்த, போன பணத்தைக் காட்டும் இரண்டாவதை எடுங்கள். வரவுத் தலைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுத வேண்டும்: பொது நன்கொடை, மூலதன நிதி, நிறுவன நிதி, வெளிநாட்டு நன்கொடை, அரசு மானியம், கட்டணம், வட்டி, கடன். நம் மாவட்டத்தில் இது ஏன் கூடுதல் முக்கியம் என்றால், தமிழ்நாட்டில் சுயஉதவிக் குழுக்கள் முளைத்த இடமே இதுதான். 1989-ல் இஃபாட் (ஐ.நா.வின் வேளாண் மேம்பாட்டு நிதியம்) உதவியோடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தருமபுரியில் தொடங்கியது. குழு அமைத்துத் தரும் வேலைக்காகவே அப்போது பல தொண்டு நிறுவனங்கள் எழுந்தன. அவற்றில் சிலவற்றின் கணக்கில் வங்கியிலிருந்து குழுக்களுக்குப் போகும் கடன் நிறுவனத்தின் வழியாகவே ஓடும். வரவில் 80 லட்சம் என்று பார்த்துவிட்டு மகிழ்ந்தால், அதில் 72 லட்சம் குழுக் கடனாக இருக்கும், திருப்பிக் கட்ட வேண்டிய பணம். (எண்கள் உதாரணத்துக்கு.) கடனை நன்கொடையில் சேர்த்தால் உங்கள் ஆய்வு அங்கேயே முடிந்தது.

அரசு மானியத்தையும் வெளியே வையுங்கள். பெண் பிள்ளைகளுக்கான உண்டு உறைவிடப் பள்ளியான கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயாவைத் தொண்டு நிறுவனம் நடத்தினாலும் பணம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தினுடையது. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், மகளிர் உரிமைத் தொகை எல்லாம் அரசின் செலவு, அறக்கொடை அல்ல. இதைச் சொல்லவே வேண்டாம் என்று தோன்றும். நேர்காணலில் "பெண்களுக்கு யார் உதவுகிறார்கள்" என்று கேட்டுப் பாருங்கள், முதல் பதில் அதுவாகத்தான் வரும்.

சூளகிரிமேடு

கிருஷ்ணகிரியில் பெரிய பணம் கம்பெனிகளின் சிஎஸ்ஆர், அதாவது சட்டப்படி அவை செய்ய வேண்டிய சமூகப் பொறுப்புச் செலவு. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே கட்டாயம். தேசிய சிஎஸ்ஆர் தளத்தில் மாநிலம், மாவட்டம், துறை என்று வடிகட்டி எக்செலில் இறக்கலாம்.

ஆனால் அதை வைத்துக்கொண்டு "கிருஷ்ணகிரிக்கு இவ்வளவு" என்று எழுத முடியாது. பல கம்பெனிகள் மாவட்டக் கட்டத்தில் எதையும் எழுதாமல் "இந்தியா முழுவதும்" என்று போட்டிருக்கும். தொழிற்சாலை ஓசூர் சிப்காட்டில், பதிவு அலுவலகம் சென்னையிலோ பெங்களூரிலோ. 2022 செப்டம்பரில் இயக்குநர் குழு அறிக்கையோடு இணைக்கும் சிஎஸ்ஆர் படிவத்தை மாற்றியபோது திட்டவாரிப் பட்டியலும் போய்விட்டது. அதற்கு முந்தைய ஆண்டறிக்கைகளில் திட்டம், மாவட்டம், செயல்படுத்திய அமைப்பு எல்லாம் வரிசையாக இருக்கும். பின்னைய ஆண்டுகளுக்குக் கம்பெனியின் இணையதளத்தில் "இயக்குநர் குழு ஒப்புதல் தந்த திட்டங்கள்" என்ற பக்கத்தைப் பாருங்கள்.

துறைப் பெயரிலும் கோளாறு. எவையெல்லாம் சிஎஸ்ஆர் என்று சொல்லும் கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் மூன்றாவது இனம்தான் பாலினச் சமத்துவம், பெண்கள் மேம்பாடு, மகளிர் விடுதிகள். ஆனால் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் கட்டிய கழிப்பறை "துப்புரவு" என்றும், மாணவிகளுக்கான ஆய்வகம் "கல்வி" என்றும் பதிவாகும். தையல் பயிற்சி "தொழில்திறன்" தலைப்பில் இருக்கும். மூன்றாவது இனத்தை மட்டும் கூட்டினால் எண் சிறுத்துப்போகும். திட்ட விவர வரியை ஒவ்வொன்றாகப் படித்து நீங்களே குறியிட வேண்டும், வேறு வழியில்லை. இரண்டு பேர் தனித்தனியாகக் குறியிட்டு, ஒத்துப்போகாதவற்றை உட்கார்ந்து பேசித் தீர்ப்பது நல்லது.

ஓசூர்ப் பக்கத் தொழிற்சாலைகளில் பெண் தொழிலாளர்கள் அதிகம். தன் ஊழியருக்கும் அவர் குடும்பத்துக்கும் மட்டும் பயன்படும் செலவு சிஎஸ்ஆர் ஆகாது என்பது விதி. ஊழியர் விடுதியைக் காட்டி "மகளிர் நலன்" என்று யாராவது சொன்னால், குறித்துக்கொள்ளுங்கள், கூட்டாதீர்கள்.

இரட்டை எண்ணிக்கைக்கு ஒரே மருந்து: பணத்தைக் கடைசியாக வாங்கியவர் இடத்தில் மட்டும் எண்ணுவது. கம்பெனி தன் அறக்கட்டளைக்குக் கொடுக்கும், அது உள்ளூர் அமைப்புக்குக் கொடுக்கும். மேலே இரண்டு இடத்தையும் எண்ணினால் ஒரே லட்சம் மூன்று லட்சமாகும். மார்ச் 30-ல் அனுப்பியது ஏப்ரல் 2-ல் வந்து சேர்ந்தால் இரண்டு பக்கக் கணக்கும் வேறு வேறு ஆண்டில் நிற்கும் என்பதையும் எதிர்பாருங்கள்.

சனத்குமாரநதி

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். பெண்களுக்கென்று தனித் திட்டம் வைத்திருக்கும் பொது அமைப்புகளை என்ன செய்வது? அப்புறம், அமைப்புகளுக்கு வெளியே வீடுகள் கொடுப்பதைப் பார்க்க 300 குடும்பங்களில் ஒரு சர்வே வைக்கலாமா?

தொப்பூர்கணவாய்

மூன்று அடுக்கு வையுங்கள். "அ": பத்திரத்தின் நோக்கப் பகுதியிலும் கடந்த ஆண்டுச் செலவிலும் பெண்கள் அல்லது சிறுமிகளே பயனாளிகள். "ஆ": பொது அமைப்பு, ஆனால் பெண்களுக்கான திட்டத்துக்குத் தனிக் கணக்குத் தலைப்பு வைத்திருக்கிறது, அந்தத் தலைப்பின் தொகை மட்டும் எடுக்கலாம். "இ": தனிக் கணக்கு இல்லாத மற்றவை, பூஜ்யம். "பயனாளிகளில் 60 சதவீதம் பெண்கள், எனவே 60 சதவீதப் பணம்" என்று பிரிப்பதை நான் ஏற்க மாட்டேன். கண் சிகிச்சை முகாமுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் பெண்கள் என்பதால் அது பெண்களுக்கான கொடை ஆகாது. இண்டியானா குறியீடும் பெண்களுக்கென்றே உள்ள அமைப்புகளைத்தான் எண்ணுகிறது. "அ" மட்டும் ஓர் எண், "அ"வும் "ஆ"வும் சேர்த்து ஓர் எண் என்று இரண்டையும் தனித்தனியே வெளியிடுங்கள்.

300 வீட்டு சர்வே வேண்டாம். வாரம் 15 மணி என்றால், விடுமுறை போக 48 வாரத்துக்கு 720 மணி. ஓர் அமைப்பின் மூன்றாண்டுக் கணக்கை வாங்க, இரண்டு முறை போய்வர, தலைப்பு பிரித்து ஏற்ற, சந்தேகம் கேட்க என்று குறைந்தது 8 மணி வைத்துக்கொள்ளுங்கள். 40 அமைப்புக்கு 320 மணி. சிஎஸ்ஆர் திட்டங்களைக் குறியிட 100, எழுதுவதற்கு 150. மீதி 150 மணிதான். அஞ்செட்டி ஒரு நாள் போய்வந்தால் அதிலும் எட்டு மணி போச்சு.

அரூர்ப்பேருந்து

வீடுகளை முழுக்க விடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை, தொப்பூர் சார். இங்கே பெண் பிள்ளைகளுக்குப் போகும் உதவியில் ஒரு பங்கு எந்த ரசீதிலும் ஏறாது. தெருவில் ஒரு பெண்ணின் நர்சிங் படிப்புக்கு நாலு வீடு சேர்ந்து கட்டணம் கட்டுவது, ஏழை வீட்டுக் கல்யாணத்துக்குத் தாலியும் புடவையும் எடுத்துக் கொடுப்பது, இவையெல்லாம் எங்கே எண்ணப்படும்? 300 வேண்டாம்; 40 வீடு, அதுவும் ஆழமாக. 150 மணியில் அடங்கும்.

கேள்வி அமைப்பில் கவனமாக இருங்கள். "நன்கொடை கொடுத்தீர்களா?" என்று கேட்டால் கோவில் திருப்பணி, அன்னதானம் இரண்டும்தான் வரும், அல்லது "நமக்கெங்க அவ்வளவு வசதி" என்பார்கள். "கடந்த ஆடிப்பெருக்கிலிருந்து இன்று வரை, திரும்ப வராது என்று தெரிந்தே யாருக்காவது பணமோ பொருளோ கொடுத்தீங்களா?" என்று கேளுங்கள். பிறகு பட்டியல் வாசியுங்கள்: பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரி, கல்யாணம், விடுதிக்கு அரிசி, ஜகாத், பள்ளிக்குப் பொருள். பெரிய தொகைக்கு ஓராண்டு நினைவு தாங்கும். 200 ரூபாய்க்குக் கீழே உள்ளதற்கு ஒரு மாதம்தான்.

மொய்யைச் சேர்க்கவே கூடாது. அது நோட்டில் ஏறித் திரும்பி வரும் பணம். "திரும்ப வராது என்று தெரிந்தே" என்ற சொற்கள் அதைத் தள்ளத்தான். சீர்வரிசையும் அப்படியே, உறவுக்குள் கடமை.

கணவர், மனைவி இருவரிடமும் தனித்தனியே கேளுங்கள். ஆண் முன்னிலையில் பெண் சொல்லும் தொகையும் தனியாகச் சொல்லும் தொகையும் ஒன்றாக இருக்காது. சிறுவாட்டுப் பணத்திலிருந்து கொடுத்ததை வீட்டார் முன் சொல்ல மாட்டார்கள். பெண் நேர்காணலாளர் தேவை. போகும் காலமும் முக்கியம். மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கம் பேச ஆள் கிடைக்காது. பென்னாகரம், அரூர் மலையோரங்களில் வேலைக்குப் பெங்களூரும் திருப்பூரும் போனவர்கள் பொங்கலுக்குத்தான் வருவார்கள். பொங்கல் முடிந்த வாரம் நல்ல நேரம்.

பொருளாகக் கொடுத்தது தனிப் பட்டியல். தையல் இயந்திரம் இத்தனை, நாப்கின் இத்தனை பாக்கெட், அரிசி இத்தனை மூட்டை என்று எண்ணிக்கையாகவே எழுதி, உள்ளூர் மொத்த விலையைப் பக்கத்தில் போடுங்கள். ரொக்கத்தோடு கூட்டாதீர்கள். பழைய துணிக்கு விலையே போட வேண்டாம், அதில் ஆளுக்கொரு கணக்கு.

கணக்குப்பிள்ளை

அரூர் சொல்வது சரி, 40 வீடு தாங்கும். ஆனால் அதிலிருந்து மாவட்டத்துக்குப் பெருக்கிச் சொல்லக் கூடாது.

அனுமதி விஷயம் விட்டுப்போயிற்று. குழந்தைகள் இல்லத்துக்குப் போகிறீர்கள் என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். பதில் வர மாதக்கணக்கு ஆகலாம், அதனால் முதல் வாரத்திலேயே மனுவைக் கொடுத்துவிடுங்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் 74ஆம் பிரிவு, குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடத் தடை செய்கிறது. படம் கூடாது, ஊர்ப் பெயரும் கூடாது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கி 2001-ல் தருமபுரிக்கும் வந்தது என்பதால் வெளியாட்களின் நன்கொடை ஆர்வம் இந்தப் பக்கம் பெண் சிசுவைச் சுற்றியே நெடுங்காலம் இருந்தது. அதைப் பின்னணியாக ஒரு பத்தி எழுதலாம், தனிப்பட்ட குழந்தைகளின் கோப்புக்குள் போகாதீர்கள். உங்களுக்கு வேண்டியது இல்லத்தின் கணக்குப் புத்தகம் மட்டுமே.

மகளிர் விடுதிகளைப் பட்டியலிட 2014ஆம் ஆண்டு விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி ஆட்சியர் வழங்கும் உரிமப் பட்டியல் உதவும். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேளுங்கள். கட்டணம் வாங்கும் விடுதிகளும் அதில் கலந்திருக்கும். அவற்றை நீக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மூன்று இடம் பாருங்கள். உதவித்தொகையைக் "கட்டணம்" என்று எழுதியிருந்தால் 10 சதவீதம் வரிப்பிடித்தம் போய்த்தான் கைக்கு வரும்; பயணப்படி தனியாக உண்டா என்று கேளுங்கள். அரசு ஊழியரோ அரசுக் கல்லூரி ஆசிரியரோ என்றால் எழுத்து வடிவ முன் அனுமதி வேண்டும். முழுநேர யுஜிசி ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்குபவர் இன்னொரு உதவித்தொகை சேர்த்து வாங்க முடியாது. மூன்றாவது, தரவு யாருக்குச் சொந்தம் என்ற வரி. அமைப்பு உங்களை நம்பித் தந்த கணக்கை, பெயரோடு, நிதி தரும் நிறுவனத்துக்கு ஒப்படைக்க வேண்டும் என்று இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு அந்த அமைப்புக்குப் பணம் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்பவரும் அவராக இருக்கலாம்.

சனத்குமாரநதி

"அ", "ஆ" அடுக்கு, 40 அமைப்பு, 40 வீடு, 2021-22 முதல் மூன்று நிதியாண்டு என்று முன்மொழிவை மாற்றி எழுதுகிறேன். சதவீதத்தைத் தூக்கிவிட்டேன். குழுக் கடன் நிறுவனக் கணக்கு வழியாக ஓடுகிறதா என்பதைத் தணிக்கை அறிக்கையில் எந்த இடத்தில் பார்த்தால் உடனே தெரியும்?

கணக்குப்பிள்ளை

இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கம் வங்கிக் கடன், சொத்துகள் பக்கம் "குழுக்களிடமிருந்து வர வேண்டியது". இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தொகையாக இருந்தால் அதுதான்.